ஓய்ந்துபோன வலைப்பதிவை முறையாகக் கட்டி வைப்பது எப்படி?

2003ஆம் ஆண்டுக்கும் 2010ஆம் ஆண்டுக்கும் இடையில் தமிழில் வலைப்பதிவு தொடங்கியவர்களில் பலரின் கதை ஏறக்குறைய ஒரே வடிவம் கொண்டது. 'சோதனைப் பதிவு' என்றொரு முதல் இடுகை, பிறகு வாரத்துக்கு மூன்று நான்கு என்று பொங்கி வந்த எழுத்து, பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் தளத்தில் முகப்பில் முன்னிறுத்தப்பட்ட ஒரு நட்சத்திர வாரம், பின்னூட்டங்களில் கிடைத்த நண்பர்கள், சில பகைகள், அதன்பின் 'நீண்ட நாட்களுக்குப் பிறகு' என்று தொடங்கும் இடுகைகள் இரண்டோ மூன்றோ, பிறகு மௌனம். என் பதிவும் அப்படித்தான் நின்றது. அதைக் கட்டி வைக்க முனைந்தபோது நான் தட்டுத்தடுமாறிக் கற்றவற்றை, அதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். மீண்டும் எழுதத் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நின்றுபோன வலைப்பதிவில் கடைசியாக அழிவது நாம் எழுதிய வரிகள்தாம்; முதலில் அழிவது அவற்றைச் சுற்றியிருந்த படங்கள், பின்னூட்டங்கள், பிறர் பதிவுகளுக்குக் கொடுத்த சுட்டிகள், ஓரப்பட்டையில் ஒட்டிய நிரல்துண்டுகள் ஆகியவை. ஆகவே 'என் இடுகைகள் பத்திரமாக இருக்கின்றன' என்று நிம்மதி கொள்பவர், தம் 2005ஆம் ஆண்டு இடுகை ஒன்றைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு சுட்டியையும் ஒரு முறை சொடுக்கிப் பார்ப்பது நல்லது.

முதலில் சாவி

வேலையின் முதற்படி உள்ளே நுழைவது. கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் எழுதியவர்கள் எந்த மின்னஞ்சலைக் கொண்டு கணக்குத் தொடங்கினோம் என்பதையே மறந்திருப்பார்கள். பதிவுக்கென்று தனியாக ஒரு புனைபெயர் முகவரி வைத்திருந்தவர்கள் அதைப் பல ஆண்டுகளாகத் திறந்திருக்க மாட்டார்கள். 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, அவற்றில் உள்ளவற்றோடு சேர்த்து, நீக்கிவிடலாம் என்ற கொள்கையைக் கூகுள் 2023 மே மாதத்தில் அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து அது நடப்புக்கு வந்தது. எனவே இக்கட்டுரையின் மற்றப் பகுதிகளைப் பிறகு படித்துக்கொள்ளலாம், அந்தப் பழைய கணக்கில் இன்றே ஒரு முறை நுழைந்துவிடுங்கள். நுழைந்தவுடன் மீட்புக்கான தொலைபேசி எண்ணையும் மாற்று மின்னஞ்சலையும் புதுப்பியுங்கள். அன்று கொடுத்த எண் இப்போது யாரோ ஒருவருடைய கையில் இருக்கக்கூடும்.

எதையும் தொடுவதற்கு முன் வெளிநகல்

உள்ளே போனவுடன், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவை மாற்றவும் எழுத்துப்பிழைகளைத் திருத்தவும் கை பரபரக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. பதிவு இப்போது எப்படித் தோன்றுகிறதோ அப்படியே, வெளியார் ஒருவரின் கண்ணால் எடுத்த நகல் ஒன்று முதலில் வேண்டும். இண்டர்நெட் ஆர்கைவ் நிறுவனம் 2001இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியை இட்டால், கடந்த ஆண்டுகளில் அது எந்தெந்த நாளில் நகலெடுக்கப்பட்டது என்று நாட்காட்டியாகக் காட்டும். உங்கள் கையில் இல்லாமல் போன பழைய வார்ப்புருவும், இன்று காணாமல் போன படங்களும் சில வேளை அங்கே அகப்படும். அதே தளத்தில் உள்ள 'இப்பக்கத்தைச் சேமி' வசதியைக் கொண்டு இன்றைய நிலையையும் பதிந்து வைக்கலாம். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொண்டால், ஒரு பக்கத்தோடு அதிலுள்ள வெளிச்சுட்டிகளையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்ல முடியும். முகப்பை மட்டும் சேமித்துவிட்டுத் திரும்பிவிடாமல், மாதவாரித் தொகுப்புப் பக்கங்கள் ஒவ்வொன்றையும் கொடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2011க்குப் பிறகு பிளாக்கர் தந்த டைனமிக் வார்ப்புருக்கள், பக்கத்தை உலாவிக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு கட்டுபவை. அவற்றை நகலெடுக்கும் கருவிகளுக்குப் பல நேரம் வெற்றுப் பக்கம்தான் கிடைக்கும். அப்படிப்பட்ட வார்ப்புரு இருந்தால் மட்டும், எதையும் தொடக்கூடாது என்ற விதியைத் தளர்த்தி, எளிய பழைய வார்ப்புரு ஒன்றுக்கு மாறிய பின் நகலெடுக்க வேண்டும்.

கையிருப்பு நகல்

அடுத்தது உங்கள் கணினியில் இருக்க வேண்டிய நகல். பிளாக்கரின் அமைப்புகள் பகுதியில் உள்ள காப்புப்பிரதி வசதி, இடுகைகளும் பின்னூட்டங்களும் கலந்த ஒரே எக்ஸ்.எம்.எல். கோப்பைத் தரும், இன்னொரு வலைப்பதிவுச் சேவையான வேர்ட்பிரஸிலும் கருவிகள் பகுதியில் 'ஏற்றுமதி' என்ற பெயரில் அதே வசதி உண்டு. இரண்டிலும் படங்கள் இரா, படங்களுக்கான சுட்டிகள் மட்டுமே இருக்கும். இதை அறியாமல் அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பதிவை நீக்கியவர்கள் உண்டு. பிளாக்கர் பதிவுக்கு, கணக்கில் உள்ளவற்றை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகவும் ஒரு முறை இறக்கி, படக் கோப்புறை வந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸில் ஊடகக் கோப்புகளைத் தனியாக இறக்க வேண்டும். இவற்றோடு, பதிவை அப்படியே பக்கம் பக்கமாக இறக்கித் தரும் ஹெச்டிடிராக் போன்ற மென்பொருளால் ஒரு நகல் எடுத்து வைப்பதையும் நான் வலியுறுத்துவேன். எக்ஸ்.எம்.எல். கோப்பு இயந்திரத்துக்கு உரியது, அதைப் படிக்க இன்னொரு மென்பொருள் வேண்டும்; பக்கங்களாக இறக்கிய நகலை எந்த உலாவியிலும் இருபது ஆண்டு கழித்தும் திறக்கலாம்.

தமிழில் எழுதியவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று இங்கே எதிர்ப்படும். பிளாக்கர், தலைப்பில் உள்ள ரோமன் எழுத்துகளைக் கொண்டுதான் இடுகையின் முகவரியை அமைக்கும். முழுத் தமிழ்த் தலைப்பு என்றால் 'பிளாக்-போஸ்ட்' என்று ஒரு பொதுப் பெயரும் பின்னால் ஓர் எண்ணும் போட்டுவிடும். ஆகவே இறக்கிய கோப்புறையில் நானூறு கோப்புகளும் ஒரே பெயரோடு நிற்கும். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை முகவரியில் ஏற்கும்; ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்கே 9 எழுத்துருபுகளாக விரிவதாலும், முகவரிக்கு 200 உருபுகளே இடம் என்பதாலும், ஏறத்தாழ 22 குறிகளுக்குமேல் தலைப்பு பாதிச் சொல்லில் அறுந்துவிடும். எனவே தேதி, தலைப்பு, முகவரி, பின்னூட்ட எண்ணிக்கை என்று நான்கு பத்திகள் கொண்ட விரிதாள் அட்டவணை ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். ஒரு வார வேலைதான், சலிப்பான வேலை. பின்னால் வரும் எல்லாப் பணிகளுக்கும் இதுவே அடிப்படை. குறிச்சொற்கள் பிளாக்கருக்கு 2006இல்தான் வந்தன என்பதால் அதற்கு முந்திய இடுகைகளுக்குப் பொருள்வகை எதுவும் இராது. அட்டவணை போடும்போதே ஐந்தாவது பத்தியாக அதையும் சேர்த்துவிடலாம்.

ஆண்டுக்கு ஏற்ற நோய்

பழைய இடுகைகளைத் திருத்தும்போது எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. மண்ணடுக்குகளைப் போல, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதைக் கொண்டே அதில் என்ன பழுது இருக்கும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மிகப் பழைய அடுக்கில் இருப்பது எழுத்துக் குறியேற்றச் சிக்கல். 2003, 2004 வாக்கில் எழுதத் தொடங்கியவர்கள் திஸ்கி, பாமினி ஆகிய பழைய தமிழ்க் குறியேற்றங்களில் எழுதியிருக்கலாம். இன்று எல்லாரும் பயன்படுத்தும் பொதுக் குறியேற்றமான யூனிக்கோடில் எழுதியவர்கள்கூட, விண்டோஸ் 98 வைத்திருந்த வாசகர்களுக்குக் கட்டங்களாகத் தெரிகிறது என்ற புகாரைத் தாங்க முடியாமல், அதிராம்பட்டினத்து உமர்தம்பி உருவாக்கிய தேனீ எழுத்துருவைப் பக்கத்தோடு இறங்கும்படி வார்ப்புருவில் இணைத்திருப்பார்கள். அப்படி இறங்கும் எழுத்துருக்கள் அன்று இண்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே வேலை செய்தன. இன்று அந்த நிரல்வரிகளை நீக்கிவிடலாம், இடுகைக்கு ஒன்றும் ஆகாது. திஸ்கியில் உள்ள இடுகை, கொக்கியும் புள்ளியும் தலையில் சூடிய ஐரோப்பிய எழுத்துகளாகத் தோன்றும். பாமினியில் உள்ளது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த உளறலாகத் தோன்றும். இரண்டையும் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளால் யூனிக்கோடாக்கலாம். மாற்றும்போது இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் முகவரிகளையும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் அவையும் தமிழாகிக் கெடும். பாமினியில் இது கட்டாயம் நேரும்.

யூனிக்கோடில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத பழுதுகள் உண்டு. 'கொ' என்னும் எழுத்தை, ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடும்போது சில மென்பொருள்களுக்கு இரண்டும் வேறு. 'ஔ' என்பதை 'ஒ' போட்டு 'ள' போட்டு அடித்தவர்கள் நம்மில் ஏராளம். 'ஸ்ரீ'யின் நிலைமை இன்னும் வேடிக்கை: யூனிக்கோடில் 'ஶ' என்னும் எழுத்து 2005இல்தான் சேர்ந்தது என்பதால், பழைய பதிவின் ஸ்ரீரங்கமும் புதிய பதிவின் ஸ்ரீரங்கமும் கணினிக்கு இரண்டு ஊர்களாக இருக்கக்கூடும். கையிருப்பு நகல் முழுவதையும் ஒருமுறை, ஒரே எழுத்தின் வேறுவேறு குறிவடிவங்களை ஒன்றாக்கும் யூனிக்கோடு இயல்பாக்கத்துக்கு உட்படுத்தினால் முதற்சிக்கல் தீரும். மற்ற இரண்டையும் தேடி மாற்றும் கட்டளையால், ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்ற வேண்டும்.

அடுத்த அடுக்கு படங்கள். பிளாக்கரில் நேரடியாகப் படம் ஏற்றும் வசதி இல்லாத காலத்தில் ஜியோசிட்டீஸ், போட்டோபக்கெட் போன்ற இடங்களில் ஏற்றி, அங்கிருந்து சுட்டி கொடுத்தோம். ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. போட்டோபக்கெட் 2017இல், பிற தளங்களில் படத்தைக் காட்டக் கட்டணம் கேட்டது. அசல் படம் பழைய குறுந்தகட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் வேபேக் மெஷினில் அந்தப் படத்தின் முகவரியையே இட்டுப் பாருங்கள். என் படங்களை வைத்திருந்த இலவசத் தளம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தபோது, ஊர்த் திருவிழாப் படங்கள் பதினொன்றில் நான்கே இவ்வழியில் மீண்டன. கிடைக்காத படம் இருந்த இடத்தில் வெறும் உடைந்த சதுரத்தை விடாமல், 'இங்கே தேர்முட்டியின் படம் இருந்தது' என்று ஒரு வரி எழுதிவிடுவது வாசிப்பவருக்குச் செய்யும் மரியாதை. காணொளிகளுக்கும் ஒரு சொல்: பழைய யூடியூப் இணைப்பு நிரல்கள் பிளாஷ் வழியாக இயங்கியவை, பிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. காணொளி இன்னும் இருந்தால், நிரலை மட்டும் இன்றைய வடிவுக்கு மாற்றினால் போதும்.

மூன்றாவது அடுக்கு சுட்டிகள். 2012 முதல் சில ஆண்டுகள், இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களைப் பிளாக்கர் தானாகவே 'டாட் இன்' என்று முடியும் முகவரிக்குத் திருப்பியது. உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து வெட்டி ஒட்டிய சுட்டிகள் அனைத்தும் அந்த வாலோடு பதிந்துபோயின. பிறகு அந்த ஆள்களப் பெயர் (டொமைன்) 2020இல் கூகுளின் கையை விட்டே போயிற்று. நண்பர் பதிவுக்கு நீங்கள் கொடுத்த சுட்டி செத்துக் கிடந்தால், அவர் பதிவை அழித்துவிட்டார் என்று எண்ணுமுன், முகவரியின் முடிவில் உள்ள 'டாட் இன்' என்பதை 'டாட் காம்' என்று மாற்றிப் பாருங்கள். வியப்பூட்டும் எண்ணிக்கையில் உயிர்த்தெழும்.

ஓரப்பட்டைதான் நான்காவது. தமிழ்மணத்தின் பதிவுப்பட்டை, பிற திரட்டிகளின் வாக்குப் பொத்தான்கள், வருகைக் கணக்கிடும் எண்காட்டிகள் எனப் பலவற்றை வார்ப்புருவில் ஒட்டியிருப்போம். அவற்றின் வழங்கிகள் (சர்வர்கள்) அணைந்துவிட்ட நிலையில், உங்கள் பக்கம் திறக்கும்போதெல்லாம் உலாவி அவற்றின் பதிலுக்காகக் காத்து நிற்கும். கைமாறிய ஆள்களப் பெயரிலிருந்து வரும் நிரல்துண்டு விளம்பரத்தையோ அதைவிடக் கெட்டதையோ கொண்டுவரவும் கூடும். வெளிநகலில் அவற்றின் தோற்றம் பதிவாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு அனைத்தையும் நீக்குங்கள். இந்தப் பட்டைகளை நீக்கும்போது மனம் சற்றுக் கனக்கும், ஏனெனில் நம் வாசகர்கள் வந்த வாசல் அதுதான். 2004இல் தொடங்கிய தமிழ்மணமும், பிறகு வந்த தேன்கூடும் மற்றத் திரட்டிகளும், பல பதிவுகளின் புதிய இடுகைகளை ஒரே இடத்தில் படிக்கத் தந்த கூகுள் ரீடரும்தான் ஊர் பேர் தெரியாத ஒருவரின் இடுகையை எழுதிய அரை மணிக்குள் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் படிக்கச் செய்தன. திரட்டிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, எழுதியவர்கள் முகநூலுக்குப் பெயர்ந்தார்கள், 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடரும் மூடப்பட்டது. சரக்குத் தீர்ந்ததால்தான் எழுத்து நின்றது என்று தம்மையே நொந்துகொள்ளும் பதிவர்கள், தம் அட்டவணையில் பின்னூட்ட எண்ணிக்கை எந்த ஆண்டில் சரிகிறது என்று பார்த்தால், இந்தத் தேதிகளோடு அது ஒத்துப்போவதைக் காண்பார்கள் என்று நினைக்கிறேன். என் அட்டவணையில் ஒத்துப்போயிற்று.

பின்னூட்டங்கள்

பின்னூட்டங்களை விட்டுவிட்டு இடுகைகளை மட்டும் காப்பது, பட்டிமன்றத்தில் நடுவர் பேச்சை மட்டும் பதிவு செய்வதற்கு ஒப்பாகும். பல இடுகைகளில் மேலே உள்ளது நான்கு வரி, கீழே நடந்ததே விஷயம். அவற்றிலும் பழையவை இழப்புக்கு உள்ளானவை. 2004 மே மாதம் வரை பிளாக்கருக்குச் சொந்தமாகப் பின்னூட்ட வசதி கிடையாது. ஹாலோஸ்கேன் என்னும் வெளிச்சேவையை ஒட்டிக்கொண்டோம், அது பின்னர் கைமாறி மறைந்தது. அதேபோல் கூகுள் பிளஸ் வழிப் பின்னூட்டத்துக்கு மாறியவர்கள், 2019இல் அச்சேவை மூடப்பட்டபோது அவ்வளவையும் இழந்தார்கள். இவ்விரண்டு வகைக்கும் வேபேக் மெஷினில் உள்ள நகல்தான் கதி.

எஞ்சியிருப்பவற்றை எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிளாக்கர் ஒரு பக்கத்தில் 200 பின்னூட்டங்களையே காட்டும். அதற்கு மேற்பட்டவை அடுத்த பக்கத்தில் இருக்கும். நண்பர்கள் கூடி அரட்டையாகப் பின்னூட்டம் குவித்த, அதாவது கும்மி அடித்த, இடுகைகளில் இருநூறைத் தாண்டுவது அன்று ஒரு சாதனையாகவே கொண்டாடப்பட்டது; பக்கமாக நகலெடுக்கும் கருவிகள் 201ஆவது பின்னூட்டத்திலிருந்து விட்டுவிடக்கூடும். அட்டவணையில் 200க்கு மேல் எண்ணிக்கை உள்ள இடுகைகளைத் தேர்ந்து, நகலில் கடைசிப் பின்னூட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

பின்னூட்டம் எழுதியவர் பிறர் என்பதையும் மறக்கக் கூடாது. தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் அன்று தயக்கமின்றிப் பின்னூட்டத்தில் எழுதப்பட்டன. பொதுவில் இருக்கும் வடிவத்திலிருந்து அவற்றை நீக்கிவிடுங்கள். யாரேனும் தம் பின்னூட்டத்தை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவதே முறை. உங்கள் சொந்தக் கருத்துகளைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு வேறு: 2007இல் எழுதிய அசட்டுத்தனத்தை இன்று சத்தமின்றித் திருத்தினால், அதற்கு அன்று பதில் எழுதியவர்கள்தாம் அசடாகத் தெரிவார்கள். மனம் உறுத்தினால் இடுகையின் அடியில் இன்றைய தேதியிட்டு ஒரு குறிப்புச் சேருங்கள். குழந்தைகளின் பெயர், படம், பள்ளி பற்றியவை மட்டும் இதற்கு விலக்கு. அவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள், அவர்களையே கேட்டு முடிவு செய்யலாம்.

நூலாக்கம்

எல்லா இடுகைகளையும் புத்தகமாக்க வேண்டியதில்லை. அட்டவணையின் ஐந்தாவது பத்தியைக் கொண்டு, ஒரே பொருளில் இருபது முப்பது இடுகைகள் தேறுகின்றனவா என்று பாருங்கள்; சமையல், ஊர் நினைவு, பயணம், நூல் அறிமுகம் ஆகியவை பெரும்பாலும் தேறும், அன்றன்றைய அரசியல் தேறாது. தொகுத்ததை ஈபப் என்னும் மின்னூல் கோப்பாக்கினால் கைப்பேசியிலும் வாசிக்கலாம். பிறர் பகிர்ந்துகொள்ள அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்க மனமிருந்தால், ப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் தன்னார்வலர்கள் அத்தகைய தொகுப்புகளை இலவச மின்னூல்களாக வெளியிட்டு வருகிறார்கள்; வலைப்பதிவர்களிடம் அனுமதி கேட்டுத் தொகுத்தே அம்முயற்சி பெருமளவு வளர்ந்தது. கொடுக்குமுன், இணையத்தில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படங்களையும் பாடல் வரிகளையும் நீக்கிவிட வேண்டும், அவற்றுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் நமக்கு இல்லை.

முகவரியும் வாரிசும்

சொந்தமாக ஆள்களப் பெயர் வாங்கிப் பதிவை அதற்கு மாற்றியவர்கள், ஆண்டுக் கட்டணத்தை நிறுத்துமுன் பிளாக்கர் அமைப்புகளுக்குச் சென்று அந்தப் பெயரைத் துண்டித்து, பிளாக்கர் இலவசமாகத் தந்த பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கே பதிவைத் திருப்ப வேண்டும். இதைச் செய்யாமல் பெயரைக் காலாவதியாக விட்டால், பழைய முகவரிக்கு வருபவர்களையும் பிளாக்கர் அந்தச் செத்த பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். பழைய பெயர்களை வாங்கிச் சூதாட்டத் தளம் நடத்துபவர்கள் காத்திருக்கிறார்கள். உங்கள் பெயரிலேயே அது நடப்பதைப் பார்க்க நேரிடும். பதிவை நீக்கிவிடுவதும் தேவையற்றது. ஓய்ந்த பதிவுக்குப் பிளாக்கர் கட்டணம் எதுவும் கேட்பதில்லை.

பின்னூட்டப் பெட்டியை மூடிவிடுங்கள், இல்லையேல் எரிதங்கள் (ஸ்பேம்) வந்து குவியும். கடைசி இடுகையாக, பதிவு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எழுதப்பட்டது, நகல் எங்கே இருக்கிறது, உரிமம் என்ன, தொடர்புக்கு எந்த மின்னஞ்சல் என்ற நான்கு விவரங்களை எழுதி முகப்பில் நிறுத்துங்கள்.

கணக்கு தூங்கிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கூகுளின் 'செயல்படாத கணக்கு மேலாளர்' பகுதியில் முன்கூட்டியே எழுதி வைக்க முடியும். 3 மாதம் முதல் 18 மாதம் வரை ஒரு காலத்தைத் தேர்ந்து, அதற்குள் நீங்கள் நுழையாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எவற்றை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று 10 பேர் வரை குறிக்கலாம். அதைவிட எளிய வழி, நம்பிக்கையான ஒருவரை இப்போதே பதிவின் இரண்டாவது நிர்வாகியாகச் சேர்த்துவிடுவது. மறைந்த பதிவர்கள் சிலரின் பக்கங்கள், வீட்டாருக்குக் கடவுச்சொல் தெரியாததால் மட்டுமே, எரிதப் பின்னூட்டங்களோடு கிடக்கின்றன. நான் என் தங்கை மகளைச் சேர்த்திருக்கிறேன், "மாமா, இதில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். ஒன்றும் செய்ய வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து, வன்தட்டில் உள்ள நகலும் திறக்கிறதா என்று சரிபார்த்தால் போதும் என்று சொல்லி, பொங்கலுக்கு மறுநாள் என்று அவள் கைப்பேசியில் நினைவூட்டலும் வைத்துக் கொடுத்தேன்.